“பிள்ளையின் தகப்பன் எங்கே?” விடுமுறைப் பயணத்தில் எல்லை அதிகாரி கேட்கும் விசித்திரக் கேள்விகள்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்து, இலங்கையின் கிழக்கில் மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடியில் நிற்கிறேன். பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி விடுமுறை, இங்கே திருவிழா என்பதால் ஊர் முழுக்க வெளிநாட்டுச் சனம். டொரொண்டோ, லண்டன், சூரிச், டோஹா என்று வீட்டுக்கு வீடு யாராவது வந்திருக்கிறார்கள். பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தால் கதை எப்படியும் எயார்போட்டில்தான் போய் நிற்கும். என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய், எவ்வளவு நேரம் மறித்து வைத்தான். அதை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்: கல்முனை, அக்கரைப்பற்று, செங்கலடிப் பக்கத்தில் இருந்து கனடாவுக்கு வெளிக்கிட நிற்கும் குடும்பங்கள், போன வருடம் போய் முதல் விடுமுறைக்கு வந்தவர்கள். அவர்களுடைய பயத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது டொரொண்டோவின் ஸ்காபரோவில். அதனால் கனடா, அமெரிக்க எல்லைகளைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

முதலில், கேள்விகள் ஏன் அவ்வளவு விசித்திரமாக இருக்கின்றன? “நீங்கள் இரண்டு பேரும் எங்கே சந்தித்தீர்கள்?” “பின்சீட்டில் இருக்கிற அம்மா யாருடைய அம்மா?” “ஒரு நாளுக்காக ஏன் இவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள்?” “மகனுடைய வகுப்பு ஆசிரியரின் பெயர் என்ன?” அந்த ஆசிரியரின் பெயரை வைத்து அதிகாரிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கே போகிறாய், எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கு எல்லோரும் பதிலைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். ஆசிரியரின் பெயருக்கு யாரும் பொய்யைத் தயார் செய்வதில்லை. பதில் இயல்பாக வருகிறதா, கணவன் சொல்வதும் மனைவி சொல்வதும் ஒத்துப்போகின்றனவா, கையில் இருக்கும் கடவுச்சீட்டோடு கதை பொருந்துகிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். ஒரு காருக்கு அவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அதற்குள் போக விடலாமா, கூடுதலாக விசாரிக்க அலுவலகத்துக்கு உள்ளே அனுப்பலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. யுத்த காலத்தில் கொழும்புக்குப் போன தலைமுறை, வெலிக்கந்தைப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைச் சுமந்துகொண்டு வரிசையில் நடந்து, அடையாள அட்டையை நீட்டிப் பழகியது. ஒரு பிழையான சொல் ஆளை வீட்டுக்கு வராமலே ஆக்கிவிடும் என்ற பயத்தோடு நின்ற இடங்கள் அவை. அதனால் தலையைக் குனிந்து நிற்பதும், கேட்காததையும் சொல்லி நல்லவன் என்று காட்டப் பார்ப்பதும், தெரிந்ததையும் தெரியாது என்று சொல்லித் தப்புவதும் உடம்பில் ஊறிவிட்டன. அந்தப் பழக்கம் அன்று உயிரைக் காத்தது. அதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் கனடா, அமெரிக்க எல்லையில் இருக்கும் நயாகரா பாலத்தில் இந்த மூன்றும் எங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். கண்ணைப் பார்க்காமல் பேசினால் எதையோ மறைக்கிறார் என்று எடுப்பார்கள். கேட்காததைச் சொன்னால் அதில் இருந்து அடுத்த கேள்வி பிறக்கும். தெரிந்ததைத் தெரியாது என்றால் அது பொய், அந்தப் பொய் கணினியில் பதிவாகி அடுத்த பயணத்திலும் கூடவே வரும்.

ஆகவே கேட்டதற்கு மட்டும், உள்ளதை, ஒரு வசனத்தில் சொல்லுங்கள். மறந்துவிட்டால் ஞாபகம் இல்லை என்று சொல்லலாம். கேள்வி விளங்காவிட்டால் “மறுபடி சொல்லுங்கள்” என்று கேளுங்கள். விளங்காமல் “யெஸ்” என்று தலையாட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

இனிப் பெயர் விசயம். எங்கள் குடும்பங்களை உள்ளே கூப்பிட இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். தகப்பனின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கந்தசாமி, அது அவருடைய அப்பாவின் பெயர். தாயின் குடும்பப் பெயர் தம்பிராஜா, அது அவவின் அப்பாவின் பெயர். பிள்ளைக்குக் குடும்பப் பெயர் சிவகுமார், ஏனென்றால் தகப்பனின் பெயர் அதுதான். அம்மம்மாவுக்கு வேறொன்று. ஒரே காரில் நான்கு குடும்பப் பெயர்! எங்களுக்கு இது பிறந்ததில் இருந்து பார்த்த முறை. அதிகாரிக்கோ, ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத மூன்று பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளோடு எல்லை கடக்கிறார்கள். பிள்ளை கடத்தல் நடக்கிற உலகத்தில் “இது உங்கள் பிள்ளையா?” என்று அவர் கேட்காமல் விட்டால்தான் பிழை. கோபப்படாதீர்கள். தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக வைப்பது எங்கள் வழக்கம் என்று ஒரு வசனம் சொல்லி, பிறப்புச் சான்றிதழைக் கொடுங்கள்.

அந்தச் சான்றிதழ் எது என்பதையும் பாருங்கள். ஒன்ராறியோவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் விபரம் இல்லாத பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது, பெற்றோர் விபரத்தோடு வருவதும் இருக்கிறது. இரண்டாவதைத்தான் எடுத்து வைக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளை என்றால் வெளிக்கிட முன்னரே பிரதேச செயலகத்தில் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளை எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் செய்துகொள்ளுங்கள். அங்கே போய் இருந்துகொண்டு மச்சானைப் பிரதேச செயலகத்துக்கு அலையவிடுவது பெரிய பாடு.

திருக்கோவில், தம்பிலுவில், காரைதீவுப் பக்கத்து வயதானவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களின் பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்று இருக்கும், பிந்திய பத்திரங்களில் அம்பாறை என்று இருக்கும். “நீங்கள் பிறந்தது எந்த ஊர்?” என்ற கேள்விக்கு அம்மா ஒன்றும் மகன் ஒன்றும் சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஊர் மாறவில்லை, மாவட்டம்தான் பிரிந்தது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தாய் தனியாகப் பிள்ளைகளோடு வருகிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. கணவன் கட்டாரில் வேலை, அல்லது லீவு கிடைக்காமல் டொரொண்டோவில் நிற்கிறார். அப்போது வருகிற கேள்வி மனதைச் சுடும். “பிள்ளையின் தகப்பன் எங்கே?” “நீங்கள் பிள்ளையைக் கொண்டுபோவது அவருக்குத் தெரியுமா?” முன்பின் தெரியாத ஒருவர், பிள்ளைகளுக்கு முன்னால், மனைவியிடம் இப்படிக் கேட்டால் எந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கும். என் சின்னம்மாவின் மகள் இந்தக் கேள்விக்கு அழுதுவிட்டாள். அழுததால் இன்னும் அரை மணித்தியாலம் கூட விசாரித்தார்கள்.

இதற்கு மருந்து ஒரு கடிதம். வராத பெற்றோர் எழுத வேண்டும்: பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, யாரோடு போகிறது, எங்கே தங்கும், எப்போது திரும்பும், என் சம்மதம், என் தொலைபேசி எண். நோட்டரியிடம் கையெழுத்தை உறுதிப்படுத்தினால் நல்லது. கனடாவில் இது சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் அரசாங்கமே கொண்டுபோகச் சொல்லுகிறது. விவாகரத்து என்றால் நீதிமன்றக் கட்டளையின் பிரதி, தகப்பன் காலமாகிவிட்டால் மரணச் சான்றிதழ். பெரியம்மாவோ மாமாவோ பிள்ளையைக் கூட்டிவருவதென்றால் இரண்டு பெற்றோரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்று விட்ட அண்ணனின் பிள்ளையை “என் மகள்” என்று அன்பில் சொல்லிவிடாதீர்கள். எல்லையில் பத்திரத்தில் இருக்கிற உறவைத்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்பார்கள். “இது யார்? எங்கே போகிறாய்? யார் வீட்டில் நித்திரை கொள்வாய்?” அந்த நேரம் தாயும் தகப்பனும் குறுக்கே விழுந்து பதில் சொல்லக் கூடாது. பிள்ளைக்குப் பாடமாக்கிக் கொடுக்கவும் வேண்டாம், மனனம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும். போகிற இடத்தையும் போகிற காரணத்தையும் வீட்டிலேயே சந்தோசமாகக் கதைத்துவிடுங்கள், அது போதும். கூச்சத்தில் பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. அதிகாரிகளுக்கும் பிள்ளைகளைப் பற்றித் தெரியும்.

நயாகராவுக்குப் போகிற எல்லோருக்கும் அந்தப் பக்கத்தையும் பார்க்க ஆசை வரும். ரெயின்போ பாலத்தைக் கடந்தால் அமெரிக்கா. கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும் கடவுச்சீட்டு இலங்கையுடையது என்றால் அமெரிக்க விசா வேண்டும். விசா இருந்தாலும் சாவடியில் அப்படியே விடமாட்டார்கள். உள்ளே போய்க் கைரேகை கொடுத்து ஐ-94 என்ற வருகைப் பதிவு எடுக்க வேண்டும். உள்ளே அனுப்பினார்கள் என்றதும் ஏதோ பிழை என்று பதறாதீர்கள், அது வழமை. முன்கூட்டியே இணையத்தில் அதற்கு விண்ணப்பித்துவிட்டுப் போனால் நேரம் மிச்சமாகும்.

அந்த விசாப் படிவத்திலேயே விசித்திரக் கேள்விகள் தொடங்கிவிடும். ஆயுதப் பயிற்சி எடுத்தீர்களா, கிளர்ச்சிக் குழுவில் இருந்தீர்களா, எந்தக் குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா என்றெல்லாம் கேட்கும். எங்கள் பெரியப்பா ஒருவர் “குடிப் பெயரையா கேட்கிறான்?” என்று உண்மையாகவே யோசித்தார். மட்டக்களப்பார் யோசிக்கத்தான் செய்வார்கள். படிவத்தில் எதை எழுதினாலும் பாலத்தில் அதையே சொல்லுங்கள். யாராவது விளக்கம் கேட்டால், தாய்வழியாக வருகிற குடிமுறை, கோயில் காரியத்துக்கும் கலியாணத்துக்கும் பார்ப்பது என்று சொன்னால் முடிந்தது. படிவத்தின் பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

சாப்பாட்டுப் பையைப் பற்றிக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நியூ ஜேர்சி அக்காவுக்கென்று ஸ்காபரோவில் வாங்கிய பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கிற நோய் அதனோடு வரும் என்ற பயம். சொன்னால் எடுத்துவிட்டு அனுப்புவார்கள், மறைத்தால் தண்டம். மட்டக்களப்புத் தயிர் முட்டியை லண்டனுக்கோ ஐரோப்பாவுக்கோ கொண்டுபோகவே முடியாது. வறுத்த மாவை “இது என்ன தூள்?” என்று கேட்பார்கள். அரிசி மா, பிட்டு அவிக்க என்று சொன்னால் போதும்.

தாலிக்கொடிக்கும் கேள்வி வரும். “இதை எப்போது வாங்கினீர்கள்? போகும்போது போட்டிருந்தீர்களா?” விடுமுறையில் இங்கே வாங்கிய நகை என்றால் கனடாவில் வரி வரலாம் என்பதால் கேட்கிறார்கள். பழைய நகை என்று காட்ட, கனடாவில் நகைக்கடையில் மதிப்பீட்டுக் கடிதமும் படமும் எடுத்து வைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். புது நகை வாங்கினால் ரசீதைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ காசாகக் கையில் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பாரதூரமான ஒன்று. கனடாவில் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் எடுத்தவர், குடியுரிமை எடுக்க முன்னம் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து ஊருக்கு வந்து போனால், திரும்பும்போது “எங்கே போனீர்கள்? ஏன்? எந்தக் கடவுச்சீட்டில்?” என்று சாதாரணமாகக் கேட்பது சாதாரணக் கேள்வி இல்லை. பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அகதி நிலையை முடித்துவைக்க அந்தப் பதிலே ஆதாரமாகலாம். 2012 டிசம்பரில் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு, அகதி நிலை அப்படிப் போனால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போகும். அம்மா சாகக் கிடக்கிறா என்று ஓடி வருகிற மனம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் டிக்கெட் போட முதல் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். குடியுரிமை எடுத்தவர்களுக்கும், ஸ்பொன்சரில் அல்லது தொழில் தகைமையில் வந்தவர்களுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. அவர்கள் ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்த கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், அதுவும் குடியுரிமை எடுக்கும் வரைக்கும்தான்.

லண்டன்காரருக்கு ஒரு வரி. பிரித்தானியாவின் 2000 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 7 ஆம் அட்டவணையின் கீழ் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சந்தேகம் எதுவும் இல்லாமலே ஆறு மணித்தியாலம் வரை விசாரிக்கலாம். அங்கே பதில் சொல்ல மறுப்பது குற்றம். ஒரு மணித்தியாலம் தாண்டினால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அப்புறம் அம்மம்மாமார். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க வருகிறவர்களுக்குக் கனடா கொடுக்கிற சுப்பர் விசாவில் முதல் தடவை தனியாக வருகிறவ டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கி, “எவ்வளவு காலம் நிற்பீர்கள்?” என்ற கேள்விக்குப் பயத்தில் “மகன் சொல்லுகிற மட்டும்” என்று சொல்லிவிட்டால் கேள்வி நீளும். ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை நிற்க அந்த விசா விடும், ஆனாலும் தன் திட்டத்தை அவவே சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாவிட்டால் “தமிழ், தமிழ்” என்று சொன்னாலே மொழிபெயர்க்க ஆள் பிடிப்பார்கள், அதைக் கேட்க வெட்கம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள்: மகனின் முழுப் பெயர், வீட்டு விலாசம், இரண்டு தொலைபேசி எண், திரும்பும் திகதி, குடிக்கிற மருந்துகளின் பெயர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கண்ணாடியைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.