தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த புதிய தோட்டக்காரர்களுக்கு உணவுப் பாதுகாப்பை எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது?

கேள்வி: மல்லிகா_உட்லண்ட்ஸ்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையே உள்ள சமூகத் தோட்டத்தில் நான் தொண்டூழியராக இருக்கிறேன். வாடகை வீடுகளில் வசிக்கும் மூத்தோர் சிலரும், நிலையான வருமானம் இல்லாத இரண்டு குடும்பத்தினரும் அண்மையில் எங்களுடன் சேர்ந்து தண்டுக்கீரை, காங்கோங் (வள்ளைக்கீரை), புதினா, வெந்தயக்கீரை ஆகியவற்றை வளர்க்கிறார்கள். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுவதை அருகிலுள்ள இலவச உணவுச் சமையற்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். இளையவர்கள் சிலருக்குப் பிற்பாடு பண்ணை வேலையையே தொழிலாக்கிக்கொள்ளும் எண்ணமும் உண்டு.

எனக்குக் கிடைத்த பயிற்சிக் கையேடுகள் ஆங்கிலத்தில், பெரிய பண்ணைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எங்களிடமோ ஒரு மழைநீர்ப் பீப்பாய், ஒரு மட்கு உரத் தொட்டி, சில பிளாஸ்டிக் கூடைகள், ஏராளமான மைனாக்கள், இவ்வளவுதான் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் என்றால் எதை முதலில் சொல்லித் தருவது?

பதில் 1: கிராஞ்சி_உழவன்

வணக்கம் மல்லிகா அக்கா. எவை சமைக்கப்படும், எவை பச்சையாக உண்ணப்படும் என்று அவர்களையே பிரிக்கச் சொல்லித் தொடங்குங்கள். நன்றாக வேகவைக்கும் கீரையில் பெரும்பாலான கிருமிகள் அழிந்துவிடும். துவையலுக்கு அரைக்கும் புதினாவுக்கும் தட்டில் தூவும் கொத்தமல்லிக்கும் அந்தக் காப்பு கிடையாது. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விசாரணை இறுதியில் சென்று நின்றது வெந்தய முளைகளில். நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த பொருள் என்பதால், முளைகட்டிய பயறும் வெந்தயமும் மற்றப் பயிர்களைவிடக் கூடுதல் கவனம் கேட்பவை என்பதை விளக்க இந்த ஒரு நிகழ்வே போதும். முளை வளரத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் ஏற்றவை. விதையிலேயே கிருமி இருந்தால் மேலே கழுவுவதால் முழுப் பயன் கிடைக்காது.

அடுத்து எரு. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள், மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு மட்காத எரு இட்டால் அறுவடைவரை 120 நாள் இடைவெளி வேண்டும் என்கின்றன. நம் தண்டுக்கீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே கீரைப் பாத்தியில் பச்சைக் கோழி எருவுக்கு இடமே இல்லை. இதை எத்தனை முறை வலியுறுத்திச் சொன்னாலும் தகும். மட்க வைத்த எருவானாலும், மூடிய கலனில் 55 பாகை செல்சியஸ் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து இருந்தால்தான் கிருமி அடங்கியதாகக் கொள்வார்கள். தோட்டத்து மூலையிலுள்ள சிறு தொட்டி அந்தச் சூட்டை எட்டுவது அரிது. அது வரை சூடேறியதா என்று வெப்பமானி வைத்துப் பார்க்காத உரத்தை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் மட்டும் இடுங்கள்.

பதில் 2: ராணி_பிடோக்

பறித்த கீரையை உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசினால் போதாதா? எங்கள் வீட்டில் நெடுங்காலமாக இப்படித்தான் செய்கிறோம்.

பதில் 3: சுகாதாரப்_பயிற்றுநர்

ராணி அம்மா, அப்படி அலசுவதால் மண்ணும் சிறு பூச்சிகளும் நீங்கும்; கிருமி முழுவதும் நீங்கிவிடும் என்று நம்ப முடியாது. இலையின் மடிப்புகளிலும் வெட்டுப்பட்ட காம்பிலும் ஒட்டியிருப்பதைக் கழுவி எடுப்பது கடினம். தவிரவும், பலருடைய கீரைக்கட்டுகளை ஒரே பாத்திரத்தில் முக்கும்போது ஒரு கட்டிலிருந்த அழுக்கு எல்லாக் கட்டுகளுக்கும் பரவிவிடுகிறது. பெரிய பண்ணைகள் கழுவும் நீரில் கிருமிநாசினி சேர்ப்பதுகூட, முதன்மையாக அந்த நீர் வழியே கிருமி பரவாமல் தடுக்கத்தான். குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு அதில் கழுவுவதே நம் அளவுக்குப் பொருத்தமானது.

மழைநீர்ப் பீப்பாயை விட்டுவிட வேண்டியதில்லை. கூரையில் விழும் பறவை, எலி எச்சம் அந்த நீரில் சேரும் என்பதால் அதை வேரடி மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்கவோ கழுவவோ வேண்டாம். டெங்கிக் கொசு முட்டையிடாதபடி பீப்பாய் மூடியே இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாத்தியில் மைனா எச்சத்தைக் கண்டால் குழாயால் பீய்ச்சி அடிக்கக் கூடாது. தெறித்து அக்கம்பக்கத்துச் செடிகளிலும் படியும். அந்தச் செடியையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் பறிக்காமல் விட்டு, ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிடச் சொல்லுங்கள். எழுதப் படிக்க இயலாதவருக்கும் அந்த அடையாளம் புரியும்.

கூடைகளையும் கத்தரிகளையும் பற்றி ஒரு செய்தி. அதே 2011இல் அமெரிக்காவின் கொலராடோவில் முலாம்பழம் மூலம் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழங்களைக் கழுவிக் கட்டும் கூடத்தின் தரையில் தண்ணீர் தேங்கியிருந்ததையும், இயந்திரங்கள் எளிதில் சுத்தம் செய்ய முடியாதவையாக இருந்ததையும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். அழுக்கை நீக்கி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, அலசி, அதன் பிறகே கிருமிநாசினி இட்டுக் காயவைக்க வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது.

பதில் 4: தெம்பனிஸ்_வாசகர்

பயிற்சி தரும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமே, புதிதாகத் தொடங்குவோர், சமூகத்தில் பின்தங்கிய நிலையிலிருப்போர், சிறு பண்ணையாளர்கள் ஆகியோருக்கான பயிற்சிக்கு மானியம் வழங்க வழி செய்தது. அந்தச் சட்டத்தின்கீழ் 2015இல் இறுதியான விளைபொருள் விதியின்படி, மிகக் குறைந்த விற்பனை உள்ள பண்ணைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்குப் பெற்றவரின் கீரையிலும் கிருமி வரத்தான் செய்யும். வாங்குவோரும் பாதுகாப்பு நடைமுறைகளைக் கேட்கத்தான் செய்வார்கள். அதனால் சிறியவர்களை விலக்கிவிடுவதைவிட அவர்களுக்குப் புரியும்படி கற்றுத்தருவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே அக்கா, வகுப்பறை வேண்டாம். கைகழுவும் இடத்திலிருந்து பாத்திவரை அவர்களோடு நடந்து, கிருமி எந்த வழியில் வரக்கூடும் என்று அவர்களையே சுட்டச் சொல்லுங்கள். ஊரில் வயல் பார்த்த மூத்தோருக்கு நாம் அறியாதது நிறையத் தெரிந்திருக்கும். வயிற்றுப்போக்கு இருப்பவர் அது நின்று இரண்டு நாளாவது அறுவடையில் கைவைக்கக் கூடாது என்பதை மட்டும் தயங்காமல் தெளிவாகச் சொல்லுங்கள்; கூச்சத்தால் பலர் மறைப்பது இதைத்தான். விற்பனை என்று வந்தால், சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிம விதிகளை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம்.

மல்லிகா_உட்லண்ட்ஸ்

மிக்க நன்றி. மழை பெய்த மறுநாள் காலையில் புதினாப் பாத்தியில் நத்தைகள் நிறைய வருகின்றன. அவற்றை எடுத்து எறிந்துவிட்டால் போதுமா?

பதில் 5: சுகாதாரப்_பயிற்றுநர்

எறிந்தால் திரும்பி வந்துவிடும், அக்கா. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தைகளிலும் ஓடில்லா நத்தைகளிலும் இருக்கக்கூடும். அது உணவுடன் உள்ளே போனால் மூளையுறையில் அழற்சி உண்டாகலாம். கையுறை அணிந்து எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். குட்டி நத்தைகள் இலையடியில் ஒட்டியிருக்கும் என்பதால் புதினாவை இலை இலையாகப் பிரித்துப் பார்த்துக் கழுவ வேண்டும். நத்தை மிகுந்திருக்கும் நாள்களில் அந்தப் பாத்தியின் புதினாவைப் பச்சைத் துவையலுக்குக் கொடுக்காமல், கொதிக்கும் குழம்புக்கோ பிரியாணிக்கோ மட்டும் பயன்படுத்தும்படி சமையற்கூடத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.