மூணு நாளைக்கு ஒரு கிண்ணம் தயிர்சாதம்: பூனைக்காரர் பஞ்சாயத்து

கெடிலக்கரையான் (மஞ்சக்குப்பம்):
நேத்து பாண்டிக்காரம்மா ஒருத்தங்க இங்க எழுதியிருந்தாங்க. பூனையை வீட்டுல விட்டுட்டு ஊருக்குப் போறவங்க பூனை வளர்க்கவே லாயக்கில்லையாம். ஒரு நாளைக்கு 500 ரூபாய் கட்டிப் பூனை ஹாஸ்டல்ல விடணுமாம். படிச்சதுலேருந்து தூக்கமே இல்லை. முப்பது வருஷமா பூனை வளர்க்கிறேன். திருப்பதி, பழநி, மக வீடு, எங்க போனாலும் மூணு நாளைக்கு ஒரு கிண்ணம் தயிர்சாதம், ஒரு சட்டி தண்ணி. கொல்லைப்பக்க ஜன்னல்ல ஒரு கதவைத் திறந்து வெச்சுட்டுக் கிளம்பிடுவோம். வந்து இறங்கினா திண்ணையில உக்காந்து நம்மளைத் திட்டும், அவ்வளவுதான். பூனை என்ன எல்கேஜி பிள்ளையா?

மதாம் மியாவ் (புதுச்சேரி):
அந்தப் பாண்டிக்காரம்மா நான்தான் ஐயா, பேர் சொல்லியே எழுதலாம். மூணு நாளைக்கு ஒரே கிண்ணம் தயிர்சாதமா? நம்ம பக்கத்து வெயிலுக்குக் காலையில பிசைஞ்சது ராத்திரியே புளிச்சுடும். வெள்ளிக்கிழமை வெச்சது ஞாயித்துக்கிழமை என்ன கதியில இருக்கும்? மோந்து பாத்திருக்கீங்களா?

கெடிலக்கரையான்:
தயிர்சாதம் பிசையத் தெரியாதவங்க பேச்சும்மா இது. ரயிலுக்கு எங்கம்மா கட்டிக் குடுப்பாங்க. சாதத்தைக் குழைய வடிச்சு, காய்ச்சி ஆறின பாலை ஊத்தி, ஒரே ஒரு கரண்டி தயிர். போகப் போக மெதுவா உறையும், புளிப்பே ஏறாது. பூனைக்கும் அதே பக்குவம்தான். தாம்பாளத்துல தண்ணி ஊத்தி நடுவுல கிண்ணத்தை வெச்சா சித்தெறும்பு ஏறாது. இதுக்கெல்லாம் ஹாஸ்டல்ல 500 ரூபாய்!

செம்மண்டலம் செல்வி:
ஒரு நிமிஷம். ஐயாவோட பூனை தெருவெல்லாம் சுத்தி வர்ற பூனை. மேடம் பூனை மாடி ஃபிளாட்டை விட்டு இறங்காதது. எந்தப் பூனை, எத்தனை நாள்னு முதல்ல பேசிட்டு அப்புறம் சண்டை போடலாமே?

மதாம் மியாவ்:
பாலா? வளர்ந்த பூனைக்கா? நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. பால்ல இருக்கிற சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிக்காது. வயித்தால போகும். மூணு நாளைக்கு வீட்டுல ஆளும் இல்ல, யார் துடைப்பாங்க? அப்புறம் பூனை சுத்த அசைவம் ஐயா. டாரின்னு ஒரு சத்து, அது மீன்லயும் கறியிலயும்தான் இருக்கு. அது இல்லாம ரொம்ப நாள் ஓட்டினா கண்ணும் போகும், இதயமும் கெடும்.

கெடிலக்கரையான்:
பாலை ஊத்தினா அது தயிராயிடுதுங்க. மறுநாள் பால் எங்க இருக்கு? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டாரினோ டூரினோ, அதை எங்க பூனை கொல்லையில எலியாப் புடிச்சுத் தின்னுக்கும். 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூர்ல எங்க தெருவுல ஒரு மரம் விடாம சாய்ச்சப்போ, பரண்மேல படுத்துக்கிட்டுத் தயிர்சாதம் தின்னுச்சு எங்க கறுப்பன். எந்த ஹாஸ்டல் திறந்திருந்துச்சு அன்னிக்கு?

துறைமுகத்தான் (முதுநகர்):
அண்ணே, தயிர்சாதத்துல நெத்திலிக் கருவாடு ஒண்ணு ரெண்டு பிச்சுப் போட மாட்டீங்களா? எங்க முதுநகர் பூனை வெறும் தயிர்சாதத்தைத் திரும்பிக்கூடப் பாக்காது. கருவாடு வாசனைக்குத்தான் வாய வைக்கும்.

கெடிலக்கரையான்:
கருவாடு உப்பு. தண்ணி தாகம் எடுத்து சட்டியைக் கவுத்துடும். அது போகட்டும். 2022 பொங்கலுக்கு என்கிட்ட வாங்கிட்டுப் போன பூனைக் கூண்டு எங்க தம்பி? நீலக் கலர், கதவுல கம்பி ஒண்ணு வளைஞ்சிருக்கும். கருவாட்டு யோசனையெல்லாம் அதைக் குடுத்துட்டுச் சொல்லு.

துறைமுகத்தான்:
கம்பி ரெண்டு வளைஞ்சிருந்துச்சுண்ணே, வாங்கும்போதே. பொது இடத்துல இதெல்லாம் பேசணுமா?

மதாம் மியாவ்:
விஷயத்துக்கு வாங்க. "ஜன்னலைத் திறந்து வெச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்களுக்காக இதை எழுதுறேன். 2024 நவம்பர் கடைசி வாரம். திருச்சியில உறவுக்காரங்க வீட்டு விசேஷம். புயலா மாறாதுன்னுதான் வியாழக்கிழமை சொன்னாங்க. வெள்ளிக்கிழமை ஃபெஞ்சல்னு பேர் வெச்சுட்டாங்க, அதுக்குள்ள நாங்க பஸ் ஏறியாச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பறதா ஏற்பாடு. சனிக்கிழமை புயல் இங்க கரையேறிச்சு. பாண்டி முழுக்கத் தண்ணி. திங்கக்கிழமை கிளம்பலாம்னா சாத்தனூர் அணையில திறந்த தண்ணியில தென்பெண்ணை பெருகி, அரசூர்கிட்ட நெடுஞ்சாலை மேலயே ஆறு ஓடுது. விக்கிரவாண்டி பக்கம் ரயிலும் நின்னுபோச்சு. வீட்டுக்கு வந்து சேர்ந்தது செவ்வாய் ராத்திரி.

கதவைத் திறந்தேன். கூப்பிட்டேன். சத்தமே இல்லை. டார்ச் அடிச்சு வீடு பூரா தேடி, கடைசியில பீரோவுக்குப் பின்னால கிடந்த பழைய புடவை மூட்டைக்குள்ள சுருண்டு கிடந்தா எங்க பூனை. வெச்சுட்டுப் போன உருண்டைத் தீனி அப்படியே இருக்கு, ஒரு வாய்கூடக் குறையலை. காத்துச் சத்தத்துக்குப் பயந்து உள்ள போனவ வெளிய வரவே இல்லை. காதுக்குள்ள தோல் மஞ்சளாயிருந்துச்சு. டாக்டர் பார்த்ததும் கல்லீரல்னு சொல்லிட்டார். பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா, அதுவும் கொஞ்சம் குண்டா இருந்தா, உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரல்ல போய் அடையுமாம். ஊசி இல்லாத சிரிஞ்சுல கரைச்சுக் கரைச்சு மூணு வாரம் ஊட்டினேன். அதனாலதான் சொல்றேன், தினம் ஒரு மனுஷக் கண்ணு பாக்கணும்.

கெடிலக்கரையான்:
ஆக, நீங்களும் விட்டுட்டுத்தான் போனீங்க! எனக்கு லாயக்கில்லைன்னு சர்டிபிகேட் குடுத்தவங்க! டிவியில தொண்டை கிழியக் கத்துறான், இவங்க பஸ் ஏறிட்டாங்க. சரி, நடந்தது நடந்துபோச்சு, பூனை பிழைச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு கேக்குறேன். கிண்ணத்துல தீனி இருந்துச்சு, பூனை தின்னலை. ஏன்? அது உருண்டைத் தீனி. தயிர்சாதமா இருந்திருந்தா வாசனைக்கே எழுந்து வந்திருக்கும்.

மதாம் மியாவ்:
நாலு நாள் ஆன தயிர்சாத வாசனைக்கு பூனை இல்ல, முனிசிபாலிட்டிதான் எழுந்து வரும்.

லாஸ்பேட்டை புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம்தான் பூனை வளர்க்க ஆரம்பிச்சேன், ஆண் பூனை, வீட்டுக்குள்ளயேதான் இருக்கும். வர்ற சனிக்கிழமை மதுரைக்குப் போறேன், நாலு நாள். என்ன பண்ணலாம்? யாராவது சொல்லுங்களேன்.

கெடிலக்கரையான்:
தம்பி, பால் காய்ச்சி ஆற வெச்சுக்கோ.

மதாம் மியாவ்:
அவர் பேச்சைக் கேக்காதீங்க!

துறைமுகத்தான்:
கூடவே ரயில்ல கூட்டிட்டுப் போயிடு தம்பி, கடலூர் வந்து ஏறிக்கோ.

ஒதியஞ்சாலை ஓட்டுநர்:
முதல் வகுப்பு ஏ.சி.யில ஒரு அறையை முழுசா உன் பேர்ல புக் பண்ணாத்தான் கூட வெச்சுக்கலாம். இல்லேன்னா கார்டு பெட்டியில தனியாப் போகணும், பயந்தே செத்துடும். அப்புறம் பாண்டியிலேருந்து கடலூருக்கு நேரா ரயில் பாதை எங்க இருக்கு? விழுப்புரம் சுத்திகினு போவணும். கடலூர்க்காரங்களுக்கு இது எப்பவுமே தெரியாது.

துறைமுகத்தான்:
பஸ்ல கடலூர் வந்து ஏறச் சொன்னேன், படிச்சுட்டுப் பேசுங்க. பாண்டி லைன் வராம இருக்கிறதுக்கு நாங்களா காரணம்?

ஒதியஞ்சாலை ஓட்டுநர்:
கடலூர்ல ரெண்டு ஸ்டேஷன். எதுல ஏறணும்னு சொல்லவே இல்லையே. திருப்பாதிரிப்புலியூரா, துறைமுகமா?

செம்மண்டலம் செல்வி:
லாஸ்பேட்டை தம்பி, நாலு நாள்னா தனியா விடாதீங்க. காலையும் சாயங்காலமும் வந்து போற ஆள் ஒருத்தர் போதும், பூனைக்கு இடம் மாறாம இருக்கிறதே நல்லது. சாவி குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அவங்களை வரவழைச்சு அவங்க கையால தீனி போட வைங்க. ஆண் பூனைங்கிறதால இன்னொண்ணு: மண் தட்டுல உக்காந்து முக்கிட்டு மூத்திரமே வரலைன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும், மறுநாள்வரை விட்டா உயிருக்கே ஆபத்து. குரும்பாபேட்டையில கால்நடைக் கல்லூரி இருக்கு, வர்றவங்களுக்கு வழி சொல்லி வைங்க. ஹாஸ்டல்தான்னா வெறிநாய்க்கடி ஊசியும், மூணு நோய்க்குச் சேர்த்துப் போடுற பூனை ஊசியும் போட்ட அட்டையைக் கேக்குறாங்களான்னு பாருங்க. கேக்காத இடத்துல விடாதீங்க. இன்னிக்குப் போட்ட ஊசி சனிக்கிழமைக்குள்ள வேலை செஞ்சுடாது.

கெடிலக்கரையான்:
செல்வியம்மா சொன்னதுல தயிர்சாதம் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா? இல்லை. கவனிச்சீங்களா எல்லாரும்?

மதாம் மியாவ்:
கல்லு சாப்பிடக் கூடாதுன்னும்தான் அவங்க சொல்லலை.

கெடிலக்கரையான்:
இதோ பாருங்க, வெட்டிப் பேச்சு வேணாம். இன்னிக்கு ராத்திரி பிசைஞ்சு தாம்பாளத்துல வெக்கிறேன். மூணாம் நாள் காலையில போட்டோ போடுறேன். புளிச்சிருந்தா என் மீசையை எடுத்துடறேன்.

மதாம் மியாவ்:
போட்டோவுல புளிப்பு தெரியுமா? நீங்களே ஒரு கை அள்ளிச் சாப்பிட்டு வீடியோ போடுங்க.

கெடிலக்கரையான்:
போடுறேன். ஊறுகாய் வெச்சுக்கலாமா கூடாதா, அதையும் இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் அழுகுணி ஆட்டம் ஆடக்கூடாது.

ஒதியஞ்சாலை ஓட்டுநர்:
துறைமுகம் ஸ்டேஷன்னா நடு ராத்திரியில ஆட்டோகூடக் கிடைக்காது. சொல்லிட்டேன்.

லாஸ்பேட்டை புதுசு:
செல்வி அக்கா, நன்றி. லாஸ்பேட்டையில ரெண்டு வேளை வந்து போற ஆள் யாராவது தெரியுமா? அந்த நீலக் கூண்டு இப்ப யார்கிட்ட இருக்கு? ஊசி போடத் தூக்கிட்டுப் போகணும், ஒரு நாள் குடுத்தா போதும்.

துறைமுகத்தான்:
என்கிட்ட இல்லை.

கெடிலக்கரையான்:
எல்லாரும் பாத்துக்குங்க. பொங்கலுக்கு வாங்கினதை இப்ப ஒத்துக்கிட்டான், கூண்டு மட்டும் இல்லையாம். லாஸ்பேட்டை தம்பி, கூண்டு கிடக்கட்டும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு கரண்டி தயிர், அதுக்கு மேல விட்டுடாதே.