பிள்ளை பிறக்கிற வீட்டில தகப்பனுக்கு என்ன வேலை?

வடலி:
மனைவி அரச அலுவலகத்தில வேலை, இப்ப ஏழாம் மாதம். நான் யாழ்ப்பாண ரவுணில தனியார் நிறுவனத்தில. கிளினிக், குளிசை, பத்தியம், இரவு முழிப்பு எல்லாம் அவவின்ர பாடு, நான் மோட்டார் சைக்கிளில ஏத்தி இறக்கினாக் காணும் எண்டுதான் இரண்டு வீட்டிலயும் நினைக்கினம். பால் குடுக்கிறதைத் தவிர எதை நான் முழுசாப் பொறுப்பெடுக்கலாம்? லீவை எப்ப எடுக்கிறது நல்லம்?

பனங்கூடல்:
லீவிலயே வித்தியாசம் தொடங்கீடுது. அவவுக்கு முழுச் சம்பளத்தோட 84 வேலை நாள். சனி, ஞாயிறு, அரச விடுமுறை அதில சேராது. பிறகு 84 நாள் அரைச் சம்பளத்தில, இன்னும் 84 நாள் சம்பளமில்லாமல் எடுக்கலாம். அரச ஊழியரான தகப்பனுக்கு 3 நாள். தனியாரில தகப்பனுக்கெண்டு சட்டம் கட்டாயமாக்கின லீவே இல்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள்ள நீங்கள் வந்தால், இரண்டாம் வருசத்திலயிருந்து வருடாந்த லீவு 14, கசுவல் 7. அதுக்குள்ளதான் சமாளிக்கவேணும்.

அந்த லீவைப் பிரசவத்தோடயே கரைச்சுப் போடாதேங்கோ. ஆஸ்பத்திரியில இருக்கேக்க பெரும்பாலும் பார்வையாளர் நேரத்திலதான் உங்களை உள்ளுக்கு விடுவினம். 31ஆம் நாள் துடக்குக் கழிவு முடிஞ்சு அம்மாமார் தங்கட வீட்டுக்குப் போற கிழமைதான் ஆள் தேவைப்படுற கிழமை. பாதியை அதுக்கு வையுங்கோ.

இன்னொண்டு. 84 வேலை நாள் முடிய பிள்ளைக்கு நாலு மாதம்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் எண்டால் அரைச் சம்பள லீவும் எடுக்கத்தான் வேணும். அப்ப குறையிற காசை அவவின்ர நட்டமா விடாமல் வீட்டுக் கணக்கில சேருங்கோ. அவவின்ர பேரில லோன் இருந்தால் அந்த மாதங்களில தவணையை நீங்கள் கட்டுங்கோ. இதை இப்பவே இருந்து கதையுங்கோ.

வெள்ளைக்கொக்கு:
தம்பி, குளிசையில இருந்து தொடங்கலாம். இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் ஒண்டாப் போட்டால் கல்சியம் இரும்பை உடம்பில சேர விடாது. தேத்தண்ணியும் அப்பிடித்தான், குளிசைக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேணும். நேரத்தை ஞாபகம் வைக்கிறது, முடிய முதல் வாங்கி வைக்கிறது உங்கட வேலை. அவ கேட்டாப் பிறகு எடுத்துக் குடுக்கிறதெண்டால் பாரம் அவவின்ர தலையிலதான் கிடக்கும்.

இரத்தப்போக்கு, தாங்கேலாத தலையிடி, கண் மங்கல், பிள்ளையின்ர அசைவு குறையிறது, இதில எது வந்தாலும் விடியட்டும் எண்டு பாராதேங்கோ. 1990 அம்புலன்ஸுக்கு உடன அடியுங்கோ. கிளினிக் அட்டை எங்க இருக்கெண்டு நீங்களும் தெரிஞ்சிருக்கவேணும்.

இரவில நடக்கிற பிழை ஒண்டு இருக்கு. மனைவி நித்திரை கொள்ளட்டும் எண்டு தகப்பன் போத்தலில மாப்பால் கரைச்சுக் குடுக்கிறது. மனம் நல்லதுதான், ஆனால் பால் சுரக்க வைக்கிற ஹோர்மோன் இரவிலதான் கூட. பிள்ளை உறிஞ்சாத இரவுகள் சேரச் சேரப் பால் குறையும். பிறகு "அவளுக்குப் பால் காணாது" எண்ட பழியும் அவவுக்குத்தான். பிள்ளையைத் தூக்கிக் கொண்டுவந்து குடுங்கோ. குடிச்சு முடிய தோளில போட்டு ஏவறை எடுப்பிச்சு, துணி மாத்தி, நித்திரையாக்கிக் கிடத்துங்கோ. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தரம் குடிக்கிற பிள்ளைக்கு இந்த மிச்ச வேலையே பெரிய வேலை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு தரமாவது சலம் போனால் பால் காணுது எண்டு அர்த்தம். அதை எண்ணுறதும் நீங்களே.

கடலோரம்:
2, 4, 6 மாதத்தில பிள்ளைக்குப் போடுற ஊசிகளை நீங்கள் பொறுப்பெடுங்கோ. திகதி குறிச்சு, பிள்ளையின்ர பதிவேட்டோட நீங்களே உள்ளுக்குத் தூக்கிக்கொண்டு போங்கோ. கிளினிக்கில தாய்மார்தான் நிறைய, அதனால கேள்வி எல்லாம் தாயிட்டத்தான் போகும். நிறை எவ்வளவு, அடுத்தது எப்ப எண்டு நீங்கள் வாய் திறந்து கேளுங்கோ. தகப்பன் பிள்ளையைத் தூக்கினால் ஊரே மெச்சும், தாய் ஒருநாள் தூக்காட்டில் கேள்வி வரும். அந்த மெச்சலை நம்பி அதோட நிப்பாட்டிப் போடாதேங்கோ.

வடலி:
நன்றி. பத்தியத்தில தண்ணி குடிக்க விடமாட்டினம் எண்டு அவ இப்பவே பயப்படுறா. ஆர் கதைக்கிறது?

வெள்ளைக்கொக்கு:
உங்கட அம்மாவோட நீங்கள், அவவின்ர அம்மாவோட அவ. மருமகள் கதைச்சால் அது சண்டை. பத்தியத்துக்குச் சரக்கு அரைச்சு வைக்கிற சரக்குக்கறி இருக்கட்டும், தண்ணியைக் குறைக்கிறதுதான் கூடாது. பால் குடுக்கிற உடம்பு வறண்டு மலச்சிக்கலும் களைப்பும் வரும். குடும்பநல உத்தியோகத்தர், அதுதான் ஊர் மிட்வைஃப், பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள்ள இரண்டு தரம் வீட்டுக்கு வருவா. அந்த நேரம் நீங்கள் வீட்டில நில்லுங்கோ, அம்மாமார் பக்கத்தில இருக்கத் தண்ணி விசயத்தை நீங்களே கேளுங்கோ. இரண்டு கிழமைக்கு மேலயும் அவ அழுதுகொண்டோ, பிள்ளை நித்திரையான நேரத்திலயும் நித்திரை இல்லாமலோ இருந்தால், அதையும் குடும்பநல உத்தியோகத்தரிட்டச் சொல்லவேண்டியது நீங்கள்தான்.