பண்ணைக் கடல் படத்துக்கு “அருமை” என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

தீவகத்தாள்:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் பொழுதுபோக்காக இயற்கைக்காட்சிகளைப் படம் பிடிக்கும் சிலர் ஒரு வட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ஒருவரும் தொழில்முறையாளர் அல்லர். வங்கியில் வேலை செய்பவரும் உண்டு, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. படம் போட்டவுடன் “அருமை”, “சூப்பர்” என்று வந்து குவிகின்றன. மூத்தவர் ஒருவர் மட்டும் எந்தப் படத்துக்கும் “மூன்றிலொரு பங்கு விதி பிழைத்துவிட்டது” என்று ஒரே வரியை எழுதிவிட்டுப் போய்விடுவார் (படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கவேண்டும் என்பதுதான் அந்த விதி). இந்த இரண்டு வகையினாலும் எவருடைய படமும் திருந்தியதாக எனக்குத் தெரியவில்லை.

சென்ற கிழமை தம்பி ஒருவர், பொழுதுசாயும் நேரத்தில் பண்ணைக் கடற்கரையில் எடுத்த படமொன்றைப் போட்டிருந்தார். மீன்பிடிக்க நட்ட சிறகுவலைத் தடிகள் வரிசையாகக் கடலுக்குள் போகின்றன. ஒரு தடியின் நுனியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு வள்ளம் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கிறது. வானம் முழுவதும் செம்மஞ்சள். சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அடிவானமும் வலப்பக்கம் சற்றே இறங்கியிருக்கிறது. படத்தில் ஏதோ நன்றாக இருக்கிறது, ஏதோ இடறுகிறது. என்ன எழுதுவதென்று தெரியாமல் இன்னும் ஒன்றும் எழுதாமல் இருக்கிறேன். மனம் நோகாமலும் பயன்படும்படியும் எப்படிச் சொல்வது? நாமே கருத்துக் கேட்கும்போது எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வரும்? (படத்தை இங்கே விவரிக்கத் தம்பியின் சம்மதம் உண்டு.)

கரவெட்டியான்:

தங்கை, நீங்கள் இங்கே எழுதியதில் பாதியை அப்படியே அந்தத் தம்பிக்கு அனுப்பியிருந்தாலே போதும். கருத்துச் சொல்வதென்றால் உடனே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு முன்னே செய்யவேண்டியது, படத்துக்குள் நம் கண் போன வழியைச் சொல்வது. “முதலில் நீர்க்காகத்தில் நின்றேன், அதிலிருந்து தடிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக நினைத்தபோது, இடது ஓரத்து வள்ளம் என்னைப் படத்துக்கு வெளியே இழுத்துவிட்டது” என்று எழுதினால், அதில் பாராட்டும் உண்டு, குறையும் உண்டு, ஆனால் எவரையும் குற்றம் சாட்டவில்லை. எடுத்தவருக்குத் தன் படத்தைப் பிறர் கண்ணால் பார்க்க ஒருபோதும் முடியாது. அவருக்கு அந்த வேளையின் காற்றும் உப்பு வாசனையும் நினைவில் இருக்கும், நமக்கோ செவ்வகம் மட்டுந்தான்.

அடுத்தது, “வண்டியை நிறுத்தி இறங்க வைத்தது எது?” என்று கேட்பது. நீர்க்காகம்தான் என்றால், இன்னும் கிட்டப் போய் அல்லது வெட்டி எடுத்து, வள்ளத்தைப் படத்திலிருந்து முழுதாக நீக்கிவிடலாம் என்று சொல்லலாம். தடிகளின் வரிசைதான் என்றால், பறவை ஒரு புள்ளியாக இருந்தாலும் பாதகமில்லை. அவர் எதை நாடினார் என்று தெரியாமல் நாம் திருத்தப் புறப்பட்டால், அவருடைய படத்தை நம்முடைய படமாக மாற்றச் சொல்கிறோம் என்றுதான் பொருள்.

இயற்கைக்காட்சிக்குக் கருத்துச் சொல்வதில் ஒரு வாய்ப்பு உண்டு. கலியாண வீட்டுப் படத்தில் குறை சொல்லி என்ன பயன், அந்தத் தாலிகட்டு மறுபடி நடக்கப்போவதில்லை. பண்ணைக் கடல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். ஆகவே “மறுபடி போனால் என்ன செய்து பார்க்கலாம்” என்ற வடிவில் கருத்து இருக்கட்டும். தைப்பொங்கலை ஒட்டிய நாள்களில் இங்கே சூரியன் நேர்மேற்கிலிருந்து 20 பாகைக்கு மேல் தெற்கே விலகி மறைகிறது; யூன் கடைசியில் ஏறத்தாழ 24 பாகை வடக்கே. தடி வரிசை எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து, சூரியன் அதன் முடிவில் இறங்கும் மாதத்தைச் சொல்லிவிட்டால், “அமைப்புச் சரியில்லை” என்பதைவிட அது நூறு மடங்கு உதவும்.

நல்லூர் வடக்கு:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் ஒரு வேறுபாடு. அளந்து காட்டக்கூடிய குறைகளைச் சுற்றி வளைக்காமல் நேரே சொல்லிவிட வேண்டும். அவற்றை மெல்லிய மொழியில் பொதிந்து கொடுத்தால், அவையும் ஒருவருடைய விருப்பு வெறுப்புத்தான் என்று எடுத்தவர் நினைத்துவிடுவார்.

அடிவானச் சாய்வு அத்தகையது. 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு பாகை சாய்ந்தாலே, ஓர் ஓரத்துக்கும் மற்ற ஓரத்துக்கும் இடையே ஏறத்தாழ 70 பிக்சல் உயர வேறுபாடு வந்துவிடும். மலைநாட்டில் எடுத்த படத்தில் இதை எவரும் கண்டுகொள்ளமாட்டார்கள். நம்முடையது மலையோ குன்றோ இல்லாத சுண்ணாம்புக்கல் நிலம்; கடலும் வானமும் சேரும் கோடு அளவுகோல் வைத்துக் கீறியதுபோல நேராக இருப்பதால், சிறு சாய்வும் கண்ணில் குத்தும். சூரியனைச் சுற்றிய வெள்ளையும் அப்படியே. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்ற உச்ச அளவைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் மீட்டெடுக்க எதுவும் பதிவாகியிருக்காது. சூரிய வட்டு வெளுப்பது இயல்புதான். அதைச் சுற்றிய வானமும் சேர்ந்து வெளுத்திருந்தால் ஒரு ஸ்டொப் குறைத்து (அதாவது ஒளியைப் பாதியாக்கி) எடுத்து, இருண்ட பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்க்கப் பழகினால், இதை இன்னொருவர் சொல்லவேண்டிய தேவையே இருக்காது.

மூன்றிலொரு பங்கு விதியைப் பற்றி: அதை அந்தப் பெயரில் எழுதி வைத்தவர் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், 1797 இல். கமரா பிறப்பதற்கு முன்னர், நாட்டுப்புறக் காட்சிகளை வரைவோருக்காகச் சொன்ன யோசனை அது. காற்று அடங்கி நீர் கண்ணாடியாகக் கிடக்கும் நேரத்தில் அடிவானத்தை நட்டநடுவில் வைப்பதுதான் பொருத்தம் என்று நான் அடித்துச் சொல்வேன். மூத்தவர் விதியைச் சொல்லட்டும். ஆனால் அந்தப் படத்தில் அது ஏன் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கருத்து.

இன்னொன்று. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டே போகும். மென்மையாக நிறம் மாறும் மாலை வானம் பட்டை பட்டையாக உடைந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, எடுத்தவர் நிறத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார் என்று சொல்வது நியாயமில்லை. டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லி, திரையின் வெளிச்சத்தையும் கூட்டி வைத்துப் பாருங்கள்.

ரொறன்ரோவிலிருந்து:

குழுவில் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களும் இருந்தால், எங்கள் பாராட்டைச் சற்றுக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். பனை ஒன்று தெரிந்தாலே எங்களுக்கு மனம் இளகிவிடும். “எங்கட ஊர்” என்று நாங்கள் எழுதுவது பெரும்பாலும் ஊருக்குச் சேரவேண்டிய பாராட்டு, படத்துக்குச் சேரவேண்டியதன்று. பிள்ளைகள் அதை நம்பி, அதே செம்மஞ்சள் வானத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போடுகிறார்கள்.

கேட்பவர் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று: “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்றுதான் எவரும் சொல்வார்கள். “இடது பக்க வள்ளத்தை விடலாமா, வெட்டலாமா?” என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு வாதாடத் தொடங்கிவிடுவார்கள். ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எது மேல், ஏன் என்று கேட்பதும் நல்லது. பதில் வரும்போது உடனே விளக்கம் கொடுக்கத் தொடங்காமல் இருப்பது கடினம். ஆனால் “வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது”, “பின்னால் பஸ் வந்தது” என்பவையெல்லாம் உண்மையாக இருந்தாலும், படம் பார்ப்பவருக்கு அவை தெரியவரப்போவதில்லை.

தீவகத்தாள்:

மூவருக்கும் மிக்க நன்றி. தம்பியிடம் கேட்டேன், வண்டியை நிறுத்தியது நீர்க்காகந்தானாம், வள்ளம் வந்து விழுந்ததையே அவர் கவனிக்கவில்லையாம். இன்னொரு ஐயம்: இதையெல்லாம் குழுவில் எழுதுவதா, தனியே அனுப்புவதா? அந்த மூத்தவருடைய படங்களுக்கு இளையவர்கள் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கரவெட்டியான்:

முதன்முறை தனியே அனுப்புங்கள். அவர் விரும்பினால் அவரே குழுவில் போடட்டும். மூத்தவருடைய படத்துக்கு இளையவர்கள் குறை சொல்லத் தேவையில்லை, கேள்வி கேட்கலாம். “ஐயா, அடிவானத்தை மேலே வைத்தது முன்னாலுள்ள மணலைக் காட்டவா?” என்று கேட்டால் மரியாதையும் குறையாது, அவருக்கும் காரணத்தை விளக்கி எழுதவேண்டி வரும். தொடக்கத்தில் நீங்களே கேளுங்கள், பிள்ளைகள் பார்த்துப் பழகிக்கொள்வார்கள்.