இணைப்பில் பிறக்கும் சூட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

அன்பின் சொல்லாக்க நண்பர்களுக்கு,

பாசிக்குடா ஹோட்டல்களில் ஓடும் மின் கோல்ஃப் வண்டிகளுக்கான பழுதுச் சொற்களில், "வயர் சூடேறுது" என்ற முறைப்பாட்டில் வந்து நிற்கிறோம். மிகைச்சூடு, அதிவெப்பம், வெப்பப்புள்ளி என மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. சூடு இருக்கிறது என்பதை மூன்றும் சொல்கின்றன. அது எங்கே பிறக்கிறது என்பதை ஒன்றும் சொல்லவில்லை.

கராஜில் பழுதுக்கு வைக்கும் பெயர்தான் கையில் எந்த ஆயுதத்தை எடுப்பது என்று தீர்மானிக்கிறது. "ஷோர்ட்" என்று சொன்னால் உருகியை, அதாவது பியூஸை, கழற்றிப் பார்ப்பார்கள். "லோட் கூட" என்றால் தடித்த வயர் வாங்கி வருவார்கள். இரண்டையும் செய்த பிறகும், லக் (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோகக் காது) மாட்டிய அதே இடம் மறுபடி கருகும். சிலர் உருகியையே பெரிதாக்கிவிடுகிறார்கள், அது நெருப்புக்கு வழி திறந்துவிடும் வேலை.

நடப்பது இதுதான். 48 வோல்ட் வண்டி மேட்டில் ஏறும்போது 100 அம்பியருக்கு மேல் இழுப்பது சாதாரணம். பற்றரி முனையும் லக்கும் ஒன்றோடொன்று படிந்திருப்பதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் சில நுண்ணிய மேடுகளில்தான் உலோகமும் உலோகமும் தொடுகின்றன. பழைய கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் ஒற்றை வழியில் நெருக்கியடித்ததைப்போல, மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில இடங்களில் நெருங்கிப் போகிறது. ஆணி தளர்ந்தால், அமிலப் புகையிலும் கடல் உப்பிலும் பச்சையும் வெள்ளையும் பூத்தால், அந்த இடங்களும் குறைகின்றன. அங்கே தடை 10 மில்லியோம் ஆகட்டும்: 100 அம்பியரில் 1 வோல்ட் அங்கேயே இறங்கி, 100 உவாற்று வெப்பமாகிறது. 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 10 மில்லியோம் வர வேண்டுமானால் எட்டு மீற்றருக்கும் அதிக நீளம் வேண்டும். அத்தனை நீளத்தில் பரவ வேண்டிய வெப்பம் ஒரு லக்கின் அடியில் குவிகிறது. சூடேறிய உலோகம் இன்னும் வேகமாக ஒக்சைட்டாகும், தடை கூடும், சூடும் கூடும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். பற்றரி முனையே வழிந்துபோன வண்டிகள் உண்டு.

உருகி ஏன் காப்பாற்றவில்லை? மின்னோட்டம் அளவு மீறினால்தான் அது உருகும். இங்கே மின்னோட்டம் மீறவில்லை, தடைதான் கூடியிருக்கிறது. ஆகவே இந்தப் பழுது உருகியின் கண்ணில் படாது.

வேறுபாட்டைக் கண்ணாலும் கையாலும் பிடித்துவிடலாம். சுமை அதிகமென்றால், அல்லது வயர் மெலிந்ததென்றால், வயர் முழு நீளத்துக்கும் ஒரே சீராகச் சூடாகும். ரயரில் காற்றுக் குறைவா, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டியது அப்போதுதான். இணைப்புப் பழுதென்றால் லக்கின் அடியில் வயரின் மேலுறையான காவலி இறுகி, நிறம் மாறி, தள்ளிப் போகப் போக நன்றாக இருக்கும். உறுதிப்படுத்த மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைக்க வேண்டாம்: அதன் வயர்களின் தடையே தேடும் தடையைவிடப் பெரிது. வோல்ட் அளவில் வையுங்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரித் தலையிலும் மற்றதை லக்கைத் தாண்டிச் செம்பிலும் பிடித்து, வண்டி சுமையோடு ஓடும்போது வாசியுங்கள். ஒரே மாதிரியான இணைப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் கெட்டது தானே தலை காட்டும்.

இப்போது சொல். தடையின் பெயருக்கு நம் பாடநூல் வழக்கிலேயே "தொடுகைத் தடை" இருக்கிறது, அது காரணம். விளைவாகிய பழுதுக்கு "பொருத்துக்காங்கை" என்று முன்மொழிகிறேன். பொருத்து என்றால் இணைப்பு; காங்கை, சூட்டுக்கு நம் பேச்சில் உயிரோடு இருக்கும் சொல். கச்சான் என்ற சூடான காற்று வீசும் நாட்களில் "என்ன காங்கை இது" என்று சொல்லாத வீடு இல்லை. வெப்பம் என்ற சொல்லுக்கு வெளியே தெரிவது, உள்ளே அடைந்து கிடப்பது என்ற பிரிவு இல்லை. காங்கை என்றாலோ ஓரிடத்தில் அடைந்து வீசும் சூடுதான் எனக்கு நினைவில் வருகிறது. காரைதீவில் பிறந்து விஞ்ஞானம் கற்பித்த விபுலானந்த அடிகள்தான் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அந்த மண்ணின் பேச்சுச் சொல் ஒன்று பொறியியலுக்குள் வருவதில் எனக்கு மிகுந்த விருப்பம்.

கல்லடியிலிருந்து

*

வணக்கம் சேர்,

காங்கைக்கு என்ட ஓட்டு உண்டு. எங்கட கராஜ்ப் பொடியன்மார் நாளைக்கே சொல்லத் தொடங்கிருவாங்க. பொருத்துதான் இடிக்குது. மோட்டருக்குக் கரண்ட் விடுற சுவிச், அந்தச் சொலனொயிட்ட என்ன செய்யப் போறீங்க? பெடலை மிதிச்சா "டக்" எண்டு ஒட்டுற அந்த ரெண்டு செம்புத் தகடும் பொருத்தில்லையே, ஒட்டி ஒட்டிப் பிரியிற சாமான். அது பள்ளம் விழுந்தா அதுவும் இப்பிடித்தான் கருகும். பெடல் மிதிச்சபடி ரெண்டு பெரிய ஆணிக்கும் நடுவுல அளந்தா நல்லதுல ஒண்டும் காட்டாது எண்டே சொல்லலாம். அரை வோல்ட் காட்டினா 100 அம்பியர்ல 50 உவாற்று உள்ளுக்க எரியுது. லக் புதுசா மாத்தியும் சூடு போகல்ல எண்டு வாற வண்டிகள்ல இதைத்தான் முதல்ல பாக்கணும். அதையும் சேர்த்துப் பிடிக்கிற சொல்லாத் தாங்க.

இன்னொண்டு. வரைவிலக்கணத்தோட திருத்துற முறையையும் போடுங்க. சார்ஜ் ஏறும்போது கழற்றக் கூடாது, ஐதரசன் வாயு நிக்கும், ஒரு பொறி போதும். கையில மோதிரம் இருக்கப்படாது. சாவிப் பிடிக்கு ரேப் சுத்தணும்.

அக்கரைப்பற்றிலிருந்து

*

காக்கா,

சொலனொயிட் நியாயமான கேள்வி. லக், கிறிம்ப் (நசுக்கிய இணைப்பு), பிளக், ஆளி (சுவிச்), சொலனொயிட் அத்தனையிலும் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ஆகவே "தொடுகைக்காங்கை" என்று வைப்போம். தொடுகைத் தடை காரணம், தொடுகைக்காங்கை பழுது. முதற்சொல் ஒன்றாக இருப்பதால் மாணவனுக்கும் இரண்டும் சேர்ந்தே மனதில் நிற்கும். பொருத்து என்ற சொல்லை லக் இணைப்புக்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பதிவு இப்படி:

தொடுகைக்காங்கை: இரு கடத்திகள் தொடும் இடத்தில் தொடுகைத் தடை கூடுவதால், மின்னோட்டம் அளவு மீறாதபோதும், அவ்விடத்தில் குவியும் சூடு. உருகியால் தடுக்கப்படாது. சுமையோடு அளக்கும் வோல்ட் இறக்கத்தால் அறியப்படும். திருத்தம்: சார்ஜரை நீக்கி, வண்டியை இழுவை (Tow) நிலைக்கு மாற்றி, மறை (–) முனையை முதலில் கழற்றுக. அப்பச்சோடா கரைத்த நீரால் முனையைக் கழுவி உலர்த்துக. கரைசல் பற்றரியின் உள்ளே போகக் கூடாது. பளபளப்பாகும் வரை கம்பித் தூரிகையால் தேய்க்க. கருகிய லக்கை வெட்டி எறிந்து, வெள்ளீயம் பூசிய புதிய லக்கை உரிய கருவியால் நசுக்கிப் பொருத்துக. கைநூல் சொல்லும் முறுக்கத்துக்கு இறுக்கியபின் மேலே வஸ்லின் பூசுக. பள்ளம் விழுந்த சொலனொயிட்டை முழுதாக மாற்றுக.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் இதையே பட்டியலில் ஏற்றுகிறேன்.

கல்லடியிலிருந்து