அப்பத்தா வீட்டு குரூப்: கருப்பையா கருமாதிக்கு நாலு நாள், மோட்டார் ஓடல

புதன், மாலை 6:12

வள்ளி: மோட்டார் உம்முன்னு சத்தம் மட்டும் போடுது, தண்ணி ஏறல. ஞாயித்துக்கிழமை அத்தனை பேர் வர்றாக. என்ன பண்ண

கார்த்தி சென்னை: பேனர் கடைக்கு இன்னிக்கே மேட்டர் அனுப்பணும். பெரியப்பா பிறந்த வருசம் சொல்லுங்க

தேவகோட்டை அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம்: பாத்துட்டேம்மா. எனக்கும் 'மாமாவக் கூப்புடு'ன்னுதான் வாய்ல வந்துச்சு

வாத்தியார் சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். மோட்டார் விஷயம், பொறுமையாகப் படிக்கவும். உம்மென்று சத்தம் வந்தால் கரண்ட் வருகிறது என்று பொருள். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாகச் சுற்ற ஆரம்பிக்காது, முதல் தள்ளு கொடுப்பது கண்டன்சர். அது போய்விட்டால் நின்ற இடத்திலேயே முனகும். அப்படியே விட்டால் காயில் கருகிவிடும், ஆகவே உடனே சுவிட்சை அணைக்கவும். பேரிங் இறுகினாலும் இதே சத்தம்தான். அண்ணன் என்ன செய்வாக என்றால், மெயினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பார்ப்பாக. லேசாகச் சுற்றினால் கண்டன்சர், இறுக்கமாக இருந்தால் பேரிங். இன்னொன்று,

கார்த்தி சென்னை: அப்பா, ஆள் யாரு வர்றா?

வாத்தியார் சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன்.

வள்ளி: அணைச்சாச்சு சித்தப்பா

ராஜா அயித்தான்: போர்டைக் கழட்டிப் பாத்தேன். பலகைக்கு உள்பக்கம் மாமா பென்சில்ல எழுதி வச்சிருக்காக. 'சிவப்பு மாடி. மஞ்சள் மோட்டார். கருப்பு என்னைக் கேட்டுட்டுத் தொடு.'

செந்தில் சிங்கப்பூர்: போட்டோ அனுப்புங்க அயித்தான்

ராஜா அயித்தான்: மஞ்சள் வயரே உள்ள இல்ல மாப்ள. மோட்டாருக்குப் போறது கருப்பு

செல்வம்: 😂😂

செல்வம்: மாமா ரிப்பேர் பண்ணிக் குடுத்த ரேடியோ மாதிரி. திருச்சியே எடுக்காது, சிலோன் மட்டும் கணீர்னு கேக்கும்

தேவகோட்டை அத்தை: அந்த ரேடியோவுல பாட்டுக் கேட்டுத்தானடா நீ வளந்த

கார்த்தி சென்னை: வருசம்???

வாத்தியார் சித்தப்பா: 1953. ஐயமே வேண்டாம். நம் காரைக்குடி சீக்ரி, அதாவது மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், திறந்த வருசம் பிறந்தவன் என்று அப்பத்தா சொல்லும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, நேரு 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் வந்து திறந்து வைத்தார்.

ராஜா அயித்தான்: ஆதார்ல 1955 மாமா

வாத்தியார் சித்தப்பா: பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது குறைத்துப் போட்டிருப்பார்கள். அண்ணனுக்கு அழகப்பா பாலிடெக்னிக்கில் சீட்டுக் கிடைத்தது, அதையும் பேனரில் ஒரு வரி போடலாம்.

தேவகோட்டை அத்தை: கெடச்ச சீட்டுக்கு ஏன் போகலன்னும் ஒரு வரி போடச் சொல்லு

தேவகோட்டை அத்தை: புதுவயல் ரைஸ்மில்லுக்கு வேலைக்குப் போயி யாரை வாத்தியாருக்குப் படிக்க வச்சாகன்னும்

வாத்தியார் சித்தப்பா: நான் எந்த மேடையிலும் அதை மறைத்ததில்லை.

வள்ளி: அத்தை விடுங்க இப்ப

கார்த்தி சென்னை: பாலிடெக்னிக் வேணாம். 'ஃபிட்டர் கருப்பையா'ன்னே போடறேன், ஊருக்கே அப்படித்தான் தெரியும். போட்டோல சட்டைப் பாக்கெட்ல டெஸ்டர் நீட்டிக்கிட்டு இருக்கு. டிசைனர் எடுத்துடவான்னு கேக்குறான்

செந்தில் சிங்கப்பூர்: எடுக்காத

வள்ளி: எடுக்கக் கூடாது

ராஜா அயித்தான்: கல்யாணத்தன்னிக்கு எனக்கு மாலை போடும்போதே அது பாக்கெட்லதான் இருந்துச்சு

தேவகோட்டை அத்தை: செந்திலு எப்ப வர்ற

செந்தில் சிங்கப்பூர்: சனிக்கிழமை காலைல திருச்சி. நேரா வீட்டுக்கு வந்துருவேன் அத்தை

தேவகோட்டை அத்தை: கொள்ளி வச்ச பிள்ளை நடுவுல ஊரைத் தாண்டிப் போகலாமா. நான் ஒன்னும் சொல்லல

செந்தில் சிங்கப்பூர்: லீவு தரல அத்தை. எத்தனை தடவ சொல்றது

வள்ளி: படையலுக்கு வெள்ளைப் பணியாரம் வைக்கணும். அப்பாவுக்கு அதான் உசுரு. சமையக்காரர் 'உளுந்து எவ்வளவு'ன்னு என்னையவே கேக்குறாரு

தேவகோட்டை அத்தை: அதக் கேக்குறவன் என்ன சமையக்காரன். ஒரு உழக்குப் பச்சரிசியத் தலை தட்டி அளந்து, அதுக்கு மேல உளுந்தைக் கோபுரமா குவிக்கணும். நிக்கிற வரைக்கும்தான் கணக்கு. மாவு இட்லி மாவை விட நீர்க்க இருக்கணும்

செல்வம்: தொட்டுக்க வரமிளகாய்ச் சட்னி

வள்ளி: படையலுக்குப் பூண்டு வெங்காயம் சேக்கலாமா

தேவகோட்டை அத்தை: பெரியம்மாட்ட கேட்டுக்க

ராஜா அயித்தான்: பெருக்குற அக்கா ஹாலுக்கு ஆசிட் கேக்குது

செந்தில் சிங்கப்பூர்: ஐயோ வேணாம். ஆத்தங்குடிக் கல்லு, சிமெண்ட்டும் கலரும் அரிச்சுப் போயிரும். அப்பா பாத்தா

செந்தில் சிங்கப்பூர்: தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்லுங்க

மாலை 7:40

செந்தில் சிங்கப்பூர்: அக்கா, அப்பா டூல்ஸ் பெட்டிய யாரும் பிரிக்க வேணாம். நான் வந்து பாத்துக்கறேன்

வள்ளி: ஒன்னு பிரிச்சாச்சுடா, ஸ்பானர் தேடி. அடியில ஒரு மரத்துண்டு கெடந்துச்சு. அப்பத்தாவுக்குக் கட்டில் உசரமா இருக்குன்னு நாலு காலையும் அறுத்தாகல்ல, அதுல ஒன்னு. மில்லுலேருந்து புருவமெல்லாம் உமித்தூசியா வந்து, குளிக்காமக்கூட உக்காந்து அறுத்தாக. அப்பத்தா கால் தரையில படுதான்னு உக்கார வச்சு வச்சுப் பாத்து, அரை இஞ்ச் அரை இஞ்சா. மிச்சம் விழுந்த துண்டுல மூணை உருட்டி, என் மகளுக்கு நடைவண்டிச் சக்கரம் போட்டுட்டாக. இது நாலாவது. எதுக்கு எடுத்து வச்சாகன்னு தெரியல

ராஜா அயித்தான்: அந்த நடைவண்டி இன்னும் பரண்ல இருக்கு

செல்வம்: வித்துறாதீங்க, முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான்னு நல்ல வெலைக்கு எடுப்பாய்ங்க

வள்ளி: வாய மூடு

செந்தில் சிங்கப்பூர்: பெட்டில டிரில் மெஷின் இருக்காக்கா

வள்ளி: இல்ல

செந்தில் சிங்கப்பூர்: செல்வம்?

செல்வம்: மாமா என்கிட்ட குடுத்தாக

செந்தில் சிங்கப்பூர்: ஒரு வாரத்துக்கு

செல்வம்: ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாரேன். பிட்டு ஒடஞ்சு போச்சு, புதுசு வாங்கணும்

தேவகோட்டை அத்தை: டிரில்லுக்குக் கணக்குக் கேக்குறவுக என் அம்மிக்கும் சொல்லணும். ஆத்தா எனக்குன்னு சொன்னது அது

வள்ளி: 🙏

வாத்தியார் சித்தப்பா: வந்துவிட்டேன். ஃபேன் லேசாகச் சுற்றுகிறது, ஆகவே கண்டன்சர். நான் சொன்னேன் அல்லவா.

ராஜா அயித்தான்: கடை அடைச்சாச்சு. செக்காலைல ஒரு பையன் நாளைக்கு வாரேன்னான். வருவான்னு நினைக்கிறேன். எதுக்கும் தண்ணி லாரி சொல்லிரவா

வாத்தியார் சித்தப்பா: தேவையில்லை.

வள்ளி: சொல்லிருங்க

ராஜா அயித்தான்: சந்துக்குள்ள லாரி வராது. ஓஸ் எத்தனை அடி வேணும்?

செந்தில் சிங்கப்பூர்: அப்பா வாங்கின ஓஸ் மாடில சுருட்டிக் கெடக்கும், அது பத்தும்

கார்த்தி சென்னை: கடைக்காரன் 9 மணிக்குப் போயிருவான். 53-ஆ 55-ஆ?

வாத்தியார் சித்தப்பா: 1953.

ராஜா அயித்தான்: டெத் சர்டிபிகேட்ல 55-தான் வரும் மாமா

கார்த்தி சென்னை: பெரியம்மாட்ட கேளுங்கக்கா

வள்ளி: அம்மா இப்பதான் கண் அசந்தாக, எழுப்ப மாட்டேன்

கார்த்தி சென்னை: அப்ப வருசமே இல்லாம அனுப்பிடறேன்

தேவகோட்டை அத்தை: வருசம் இல்லாம என்னடா பேனரு