புதுப்பிப்பு: அலமாரியில் எது தங்கியது, எது போனது

அலமாரி பிதுங்குகிறது, எந்தத் துணியை வைத்துக்கொள்வது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி. எல்லா ஹேங்கரையும் திருப்பி மாட்டுங்கள், உடுத்தித் துவைத்ததை மட்டும் நேராக மாட்டுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. தொடாமலே கிடப்பவை பளிச்சென்று தெரிந்துவிட்டன. அப்புறம் மிச்சத்தைப் போட்டு, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்த்தேன். அக்குளில் இழுத்தால் வெளியே! ஸ்பான்டெக்ஸ் என்கிற இழுபடும் இழை கலந்த பேன்ட்களில் முட்டிப் பகுதி தொளதொளவென்று ஆகியிருந்தது, அந்த இழை நைந்துபோனால் பழையபடி இறுகாது, அதனால் யோசிக்கவே இல்லை. "இளைத்த பிறகு போடலாம்" வகையறாவில் ஒரே ஒரு சட்டைக்கு விலக்கு, காரணம் கேட்காதீர்கள். கம்பளி ஸ்வெட்டர்கள் தங்கின. தொங்கவிட்டால் தோள் இழுபடும், வியர்வைக் கறை இருந்தால் அந்துப்பூச்சி விரும்பி வரும், எனவே துவைத்து மடித்தாயிற்று. பட்டன் போன சட்டைகளைத் தைப்பதா, கொடுத்துவிடுவதா என்பதுதான் பாக்கி.